புள்ளிக் கோடாய் ஓடிய ஆறு

பிள்ளைகளே, பிரான்ஸ் நாட்டில் பியெவ்ர் என்று ஓர் ஆறு இருக்கிறது. உங்கள் பள்ளிக்கூட அட்லஸில் தேடாதீர்கள், இருக்காது. அவ்வளவு சின்னது. நான் பிரான்ஸுக்குப் போனவன் இல்லை. தெற்கே மதுரையையும் வடக்கே சேலத்தையும் தாண்டியதில்லை. ஆனாலும் அந்த ஆறு எங்கே புறப்படுகிறது, எந்தெந்த ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது, எந்த இடத்தில் காணாமல் போகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அது எங்கள் பட்டறைக்கு வந்த கதையையும், அதனால் என் மகளுக்கும் எனக்கும் நடுவில் நடந்ததையும் எழுதுகிறேன்.

திருப்பூரில், முதலிபாளையம் தொழிற்பேட்டையில், பனியன் துணியில் படம் அச்சடிக்கும் பட்டறையில் எனக்கு வேலை. நீங்கள் போட்டிருக்கும் டி-சர்ட்டின் நெஞ்சில் பூனையோ பந்தோ இருக்கிறதே, அது எப்படி வந்தது தெரியுமா? படத்தை முதலில் கண்ணாடி போன்ற ஒரு பிலிமில் கறுப்பாக எடுப்பார்கள். அந்தப் பிலிமை வைத்து ஸ்கிரீன் செய்வார்கள். ஸ்கிரீன் என்பது ஒரு சட்டத்தில் இறுக்கிக் கட்டிய வலைத்துணி. பிலிமில் எங்கெல்லாம் கறுப்பு இருந்ததோ அங்கெல்லாம் வலை திறந்திருக்கும், மற்ற இடம் அடைபட்டிருக்கும். நான் மேசையில் துணியை விரித்து, ஸ்கிரீனை மேலே வைத்து, சாயத்தை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஓர் இழுப்பு இழுப்பேன். திறந்த இடத்தில் மட்டும் சாயம் இறங்கும். பூனை வந்துவிடும்.

ஸ்கிரீன் செய்வதற்கு முன்னால் பிலிமைச் சரிபார்ப்பவர் பாய். அவருக்குப் பெயர் உண்டு, ஆனால் பட்டறையில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பிலிமில் தூசி விழுந்து கோடு எங்காவது அறுந்திருந்தால், மெல்லிய பிரஷ்ஷில் கறுப்பு மை தொட்டு அந்த இடைவெளியை நிரப்பிவிடுவார். அறுந்த கோடு அப்படியே துணியில் விழுந்தால் அடித்ததெல்லாம் கழிவுக்குப் போய்விடும். அதனால் எங்கள் எல்லோருக்குமே ஒரு படத்தைப் பார்த்தால் முதலில் கண் போவது கோடு எங்கே அறுந்திருக்கிறது என்றுதான். பூனை அழகாக இருக்கிறதா என்று பிறகுதான் பார்ப்போம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் மனைவி காய்ச்சலில் இறந்தபோது மகள் மூன்றாம் வகுப்பு. அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். காலையில் பட்டறைக்குப் போனால் நான் திரும்பிவர இருட்டிவிடும். அவள் பள்ளி விட்டு வந்து, பூட்டைத் திறந்து, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தெருமுனையிலேயே எங்கள் வீட்டு டிவி கேட்கும். ஏன் கண்ணு இத்தனை சத்தம் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஊட்டுக்குள்ள ஆளு இருக்கறாப்புல இருக்குதுங்ப்பா" என்றாள்.

அதைக் கேட்ட பிறகு அவளை அப்படி விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. ஆறாம் வகுப்புக்கு, அமராவதி அணைப் பக்கம் விடுதியோடு இருக்கும் ஒரு பள்ளியில் சேர்த்தேன். சேர்த்த அன்று, பெட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்னால், அவள் என்னிடம் ஒரு பேச்சு வாங்கிக்கொண்டாள்.

"மூணு தடவ நீங்க பாக்க வருவீங்கல்லங்ப்பா, அது வரைக்கும் இருந்து பாக்கறேன். மூணாவது தடவையும் புடிக்கலைன்னா கூட்டீட்டுப் போயிரோணும்."

"சரி கண்ணு."

"மாத்திப் பேசக் கூடாது."

"பேச மாட்டேன் அம்மிணி. மூணாவது தடவ நீ என்ன சொல்றயோ அதுதான்."

அந்த விடுதியில் பெற்றோர் பார்க்க வருவதற்கு மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும்தான். இடையில் போனால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அவள் போன பிறகு, அந்த டிவியை நான் சத்தமாக வைக்க ஆரம்பித்தேன். என்ன ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. சமையல்கட்டில் இருந்தால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஓர் ஆளுக்குச் சோறு வடிக்கக் கை பழகவே இல்லை. அரிசியை அளந்து போட்ட பிறகுதான் அதிகம் என்று தெரியும். மிச்சத்தைத் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் அதையே நான் சாப்பிட வேண்டும். பேசாமல் சாப்பிடுவேன். பட்டறையில் வாயடிக்கிற ஆள்தான் நான். வீட்டுக் கதவைத் திறந்தால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருப்பதைப் பார்க்கப் பிடிக்காது.

முதல் தடவை பார்க்கப் போனபோது அவள் அழுதாள். இரண்டாம் தடவை அழவில்லை. ஆனால் நான் கிளம்பும்வரை என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வரும்போது உடுமலைப் பேருந்தில் உட்கார்ந்து அந்தக் கசங்கலைத் தடவிக்கொண்டே வந்தேன். அடுத்தது மூன்றாம் தடவை. அவளைத் தனியாகப் பூட்டிவைக்கக் கூடாது என்றுதான் விடுதியில் சேர்த்தேன். அதெல்லாம் சரிதான். ஆனாலும் மூன்றாம் தடவை அவள் "போலாங்ப்பா" என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. அவள் கட்டிலுக்குப் புதுத் தலையணை உறைகூட வாங்கிவிட்டேன்.

அப்போதுதான் அந்த ஆறு வந்தது.

பிரான்ஸில் ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து, தங்கள் ஆற்றைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வெள்ளை டி-சர்ட் கேட்டிருந்தார்கள். நெஞ்சில் ஆற்றின் மேப். இடது இடுப்புப் பக்கம் புறப்பட்டு வலது தோளை நோக்கி ஏறும் ஒரு நீலக் கோடு. அதன் கரையில் சின்னச் சின்னப் படங்கள்: ஒரு தண்ணீர் ஆலை, புல்லில் விரித்த துணி, தொங்கும் தோல், ஒரு பனிக்கட்டி. பாய் பிலிமை விளக்குக்கு மேலே போட்டுப் பார்த்தார்.

"ஏனுங், இது இடுப்புல பொறந்து தோளுக்கு ஏறுது. எந்த ஊர்லீங்க ஆறு மேட்டுக்கு ஓடும்?"

"மேப்புல வடக்கு மேலதானுங்க பாய். அது வடகிழக்க ஓடுது போல."

"வெள்ளக்காரன் ஊருல எல்லாமே மேலதான் போகும், ஆமா" என்று சொல்லிக்கொண்டே அவர் பிரஷ்ஷை எடுத்தார்.

பிலிமில் அந்த ஆற்றுக் கோடு பாதி தூரத்துக்கு மேல் போனதும் துண்டு துண்டாக இருந்தது. சின்னப் பிள்ளைகள் சட்டை என்பதால் படமும் சின்னது, கோடும் மெல்லியது. எங்கள் கண்ணுக்கு அது பிலிம் பழுது. அதுவும் மோசமான பழுது.

"பிலிம் கடைக்காரன் மெசினுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுங்க. கடைசி வரைக்கும் உட்டு உட்டு அடிச்சிருக்குது பாருங்" என்றார் பாய். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் இடைவெளியாக நிரப்பினார். நானும் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எங்கே அறுந்திருந்தது என்றே தெரியவில்லை.

"சேத்த எடமே தெரியலீங்க பாய்."

"தெரிஞ்சா அப்பறம் நான் எதுக்குங்க?"

சாம்பிள் சட்டையை வேறோர் இடத்தில் அடித்திருந்தார்கள். அது ஆபீஸில் இருந்தது. அதை எடுத்துவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கும் மறுநாளும் நான் ஆறுகளாக இழுத்துத் தள்ளினேன். இடுப்பிலிருந்து தோள்வரை நிற்காமல் ஓடும் நீல ஆறு. காய்வதற்குக் கொடியில் வரிசையாகத் தொங்கியபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆர்டரைக் கவனிக்கும் பெண் ஒருத்தி உண்டு. விருதுநகர்ப் பக்கத்துப் பிள்ளை, சுறுசுறுப்பு. கையில் சாம்பிளோடு வந்தவள் கொடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே, இந்த ஆத்த யாரு இப்படிச் சேத்து வச்சது?"

"ஆறுன்னா சேந்துதானே அம்மிணி ஓடும்?" என்றார் பாய்.

அவள் சாம்பிளை விரித்துக் காட்டினாள். அதில் நீலக் கோடு பாதிக்கு மேல் வரிசையான புள்ளிக் கோடு. வேண்டுமென்றே அப்படி வரைந்தது. பாய் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் அவள் தன் போனில், சட்டை கேட்டிருந்த பிரான்ஸ் ஊர்க்காரர்களில் ஓர் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டாள். நமக்குச் சாயங்காலம் என்றால் அங்கே மத்தியானம். நரைத்த குட்டை முடி, கழுத்தில் ஒரு துண்டு. நாங்கள் எல்லோரும் பின்னால் நின்றோம். பாய் எனக்குப் பின்னால். பிள்ளை ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொல்லி, எங்கள் சட்டையைக் காமிராவுக்கு முன்னால் பிடித்தாள். அந்தம்மா கோபப்படுவார் என்று பார்த்தோம். அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் அந்தச் சட்டையைப் பார்த்தார். பிறகு என்னவோ சொன்னார்.

"என்னங் சொல்றாங்க?" என்று பாய் என் முதுகில் இடித்தார்.

"இந்த ஆத்த இப்படி முழுசா அவங்க பார்த்ததே இல்லையாம்" என்றாள் பிள்ளை. "அவங்க மட்டும் இல்ல, அந்த ஊர்ல இப்ப இருக்கிற யாருமே பார்த்ததில்லையாம்."

அந்தம்மா மாடியிறங்கி, போனைக் கையில் பிடித்தபடி தெருவில் நடந்தார். பாரிஸ் நகரத்தை ஒட்டிய ஊர். ஒரு பூங்காவுக்குள் போய்த் தண்ணீரைக் காட்டினார். செடிகளுக்கு நடுவில் சலசலவென்று ஓர் ஓடை.

"இதா ஆறு?" பாயால் அடக்க முடியவில்லை. "எங்கூட்டுக்குப் பொறகால இருக்கற ஓடப்பள்ளம் இதவிடப் பெருசுங்க! நானே தாண்டிருவேன்."

"நீங்க தாண்டுனா நடுவுலதான் உழுவீங்க" என்றேன்.

அந்தம்மா கொஞ்ச தூரம் நடந்ததும் ஓடை ஒரு கான்கிரீட் வாய்க்குள் போய் மறைந்தது. அதற்கு மேல் தெருதான், கார்தான், வீடுதான். தரையில் காமிராவைக் காட்டினார். காலுக்குக் கீழே இருக்கிறது என்று கையால் குத்திக் காட்டினார். பிள்ளை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. புள்ளிக் கோடு என்றால் என்னவென்று எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. அதன்பின் அந்தம்மா சொன்னதையும், பிறகு சாயங்காலங்களில் நான் போனில் தேடிப் படித்ததையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

பாரிஸுக்குத் தென்மேற்கே, பழைய ராஜாக்கள் அரண்மனை கட்டி வாழ்ந்த வெர்சாய் ஊருக்குப் பக்கத்தில், குளங்கள் நிறைந்த இடத்தில் பியெவ்ர் புறப்படுகிறது. நீளம் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. எங்கள் வீட்டிலிருந்து மகளின் விடுதிக்குப் போகிற தூரத்தில் ஏறக்குறைய பாதி. ஒரு காலத்தில் அதன் கரையில் பீவர் என்னும் பிராணி இருந்தது, அதனால்தான் இந்தப் பெயர் என்று சிலர் சொல்கிறார்கள். பீவர் என்பது பல்லால் மரத்தைக் கடித்துச் சாய்த்து ஆற்றுக்கு அணை கட்டுகிற பிராணி.

மேல்பாதியில் பள்ளத்தாக்கும் மரமுமாக இருக்கிறது. அங்கே ழூயி என்று ஓர் ஊர். அந்த ஊரில் பருத்தித் துணியில் அச்சடித்தார்கள். எங்கள் வேலைதான், ஸ்கிரீனுக்குப் பதில் மரக்கட்டையில் வெட்டிய அச்சு, பிறகு செம்புத் தகடு. துணியை ஆற்றுத் தண்ணீரில் அலசி, புல்வெளியில் விரித்து வெயிலில் வெளுக்க வைப்பார்கள். அந்தத் துணிக்கு அவர்கள் சொன்ன பெயர் என்ன தெரியுமா? இந்தியத் துணி. நம் நாட்டிலிருந்து கப்பலில் போன அச்சுத் துணியைப் பார்த்துத்தான் அங்கே அப்படிச் செய்யப் பழகினார்களாம். இதைக் கேட்டதும் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நம்மகிட்ட கத்துகிட்டதுதான்னு சொல்லுங்" என்றார். அன்றைக்கு முழுக்க அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது அப்போது மட்டும்தான்.

கீழே வரவரத் துணி வெளுக்கிறவர்கள். பாரிஸுக்குள் நுழைந்ததும் தோல் பதனிடுகிறவர்கள், சாயம் போடுகிறவர்கள். சிவப்புச் சாயத்துக்கு அந்த ஆற்றங்கரை பேர் போனது. தண்ணீர் ஆலைகளுக்காக ஆற்றை இரண்டாகப் பிரித்து, ஆலைக்குப் போகிற கிளைக்கு உயிர்க் கிளை என்றும் மற்றதற்குச் செத்த கிளை என்றும் பெயர் வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் கரையோரத் தண்ணீர் உறைந்து போகும். அதைப் பாளம் பாளமாக வெட்டிக் குழியில் புதைத்து வைத்துக் கோடையில் விற்பார்களாம். சட்டையில் இருந்த பனிக்கட்டிப் படம் அதுதான்.

ஆறு ஒவ்வொரு நாள் ஒவ்வொரு நிறத்தில் ஓடும், நாற்றம் தாங்காது என்று அந்தம்மா சொன்னதைப் பிள்ளை மொழிபெயர்த்தபோது எங்களில் யாரும் ஆச்சரியப்படவில்லை. நொய்யல் பாலத்தைத் தினமும் தாண்டி வேலைக்குப் போனவர்கள் நாங்கள். இன்று எந்தச் சாயப்பட்டறையில் என்ன ஆர்டர் என்று தண்ணீரைப் பார்த்தே சொல்லிய காலம் உண்டு.

அந்த நாற்றத்தைச் சகிக்க முடியாமல் பாரிஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? ஆற்றின் மேல் மூடி போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்து, கடைசியில் நகரத்துக்குள் முழுதையும் மூடிவிட்டார்கள். பிறகு வெளியே இருக்கும் ஊர்களிலும் மூடினார்கள். முன்பு பாரிஸுக்கு நடுவில் ஓடும் பெரிய ஆறான சேனில் போய்க் கலந்துகொண்டிருந்தது. மூடிய பிறகு அதைச் சாக்கடைக் குழாயில் திருப்பிவிட்டார்கள். பாரிஸ் தெருக்களில் அது ஓடிய தடத்தில் வட்டமான சின்ன அடையாளத் தகடுகளைப் பதித்திருக்கிறார்களாம். மக்கள் அதன்மேல் நடந்து போகிறார்கள். இப்போதுதான் சில வருடங்களாக அங்கங்கே மூடியை எடுத்து ஆற்றைத் திறக்கிறார்கள். அந்தம்மா காட்டிய பூங்கா அப்படித் திறந்த ஓர் இடம்.

"இது பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்ற சட்டை. பொய் சொல்ல முடியாதுன்னு சொல்றாங்க" என்றாள் பிள்ளை. "மறுபடி அடிக்கணும்ணே. கப்பலுக்கு நாள் குறிச்சாச்சு. ஞாயித்துக்கிழமையும் ஓட்டணும்."

எந்த ஞாயிறு என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மெல்லிய புள்ளிக் கோட்டைச் சாயம் கசியாமல் இழுக்கும் ஆள் பட்டறையில் நான்தான். லீவு கேட்டுப் பார்த்தேன். முதலாளி என் தோளில் கைவைத்து, "இந்த ஒரு வாட்டி மட்டுங்க" என்றார். வார்டனுக்குப் போன் செய்தேன். வர முடியாது, அடுத்த மாதம் கட்டாயம் வருகிறேன், மகளிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். "சொல்லிடறேன் சார்" என்று வைத்துவிட்டார். மகளோடு பேசக் கொடுப்பார்களா என்று கேட்க வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார்.

அந்த ஞாயிறு பேட்டையில் எங்கள் பட்டறை மட்டும்தான் ஓடியது. டீக்கடைகூட மூடியிருந்தது. நான் ஒவ்வொரு சட்டையாக விரித்து ஆற்றை இழுத்தேன். முதல் பாதி முழுக் கோடு, மீதி புள்ளி புள்ளி. இந்நேரம் கேட்டைத் திறந்திருப்பார்கள். இந்நேரம் உடுமலைப் பேருந்து வந்து ஆட்கள் இறங்கியிருப்பார்கள். இந்நேரம் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் வீட்டு ஆட்கள் வந்திருப்பார்கள். ஸ்கிரீனைத் தூக்குவேன், நிற்காமல் போன ஆறு நின்று நின்று போயிருக்கும்.

மத்தியானம் பாய் தூக்குப் பாத்திரத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"வாங், சோறு உண்ணலாம். ஊட்டுல உங்களுக்கும் சேத்துத்தான் போட்டு உட்டிருக்காங்க."

"பசியில்லீங்க பாய்."

"என்ற பிரஷ்ஷாலதானுங்க நீங்க பாப்பாவப் பாக்கப் போகல."

"அப்படிச் சொல்லாதீங். நானும்தானே வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன்."

"நீங்க பாத்தீங்க. சேத்தது நானல்லங்க?" அவர் பாத்திரத்தைத் திறந்து என் முன்னால் தள்ளினார். "இந்தக் கண்ணு இருக்குது பாருங், அறுந்ததப் பாத்தா சும்மா இருக்காது. பொண்டாட்டி சேலையில நூலு பிரிஞ்சிருந்தாக்கூடத் தூக்கம் வராது."

சாப்பிட்டு முடித்ததும், கழிவு மூட்டையிலிருந்து மகளின் அளவுக்கு ஒரு சட்டையை எடுத்து மடித்து என் பையில் வைத்தார். முழு ஆறு ஓடும் சட்டை. "இது கப்பல் ஏறாது. பாப்பா போட்டுக்கட்டும்" என்றார்.

அடுத்த மாதம் வரும்வரை நாட்கள் நகரவே இல்லை. சாயங்காலம் டிவியைப் போட்டுவிட்டு, போனில் அந்த ஆற்றைத் தேடுவேன். பிரெஞ்சை போன் தமிழாக்கித் தரும், பாதி புரியும் பாதி புரியாது. இன்று ஓர் ஊர், நாளை அடுத்த ஊர் என்று ஆற்றோடேயே இறங்கிப் போனேன். மகளிடம் சொல்லலாம் என்று ஒவ்வொன்றையும் மனசில் வைத்துக்கொண்டேன். வேறு யாரிடம் சொல்வது? சில நாள் வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன், அவள் கட்டிலைப் பார்த்துக்கொண்டு.

கழிவுச் சட்டைகள், மலிவு பனியன் விற்கும் காதர்பேட்டைக் கடைகளுக்கு விற்பனைக்குப் போய்விட்டன. ஒருநாள் சிக்னலில் நின்றபோது, பக்கத்து பைக்கில் முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தையின் நெஞ்சில் என் ஆறு இருந்தது. இடுப்பிலிருந்து தோள்வரை, நிற்காமல். ஊரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. அந்த ஆறு இப்போது முழுசாக ஓடுகிற ஒரே ஊர் திருப்பூர்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குழந்தையின் அப்பாவிடம் சொல்லலாமா என்று பார்ப்பதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

அடுத்த மாதத்துப் பார்க்கிற ஞாயிறு வந்ததும், காலை முதல் பேருந்திலேயே கிளம்பினேன். பல்லடம் தாண்டியதும் காற்றாலைகள். உடுமலையில் மாறி அணைப் பேருந்து. கேட் திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்றேன். பார்க்க வருகிறவர்கள் உட்காரும் புங்கமரத்தடியில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். அவள் வந்தாள். முன்பெல்லாம் ஓடிவருவாள். இந்தத் தடவை நடந்து வந்தாள். பக்கத்தில் உட்காராமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"சோறு உண்டாச்சா கண்ணு?"

"உண்டாச்சுங்."

கீழே கிடந்த ஒரு புங்கங்காயை எடுத்து அவள் நகத்தால் பிளந்தாள்.

"போன மாசம் கேட்டுகிட்டயே உக்காந்திருந்தேனுங்ப்பா" என்றாள்.

"வார்டன் சொல்லலையா அம்மிணி?"

"சொன்னாங்க. இருந்தாலும் உக்காந்திருந்தேன்."

பையிலிருந்து சட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். ஏன் வரவில்லை என்பதை அந்தச் சட்டையில் விரலை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. இடுப்பில் ஆரம்பித்தேன். குளம், பீவர், ழூயி, இந்தியத் துணி, பனிக்கட்டி. பாய் பிரஷ்ஷை எடுத்ததைச் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கான்கிரீட் வாய்க்குள் ஓடை நுழைந்ததைச் சொன்னபோது, "உள்ள இருட்டா இருக்குமுங்களா?" என்றாள். இருக்கும் என்றேன்.

"அப்ப இது தப்பான சட்டைங்களா?"

"தப்புதான் கண்ணு. இங்கிருந்து மேல புள்ளியா இருக்கோணும்."

அவள் எழுந்து உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் ஒயிட்னர். நோட்டில் பிழையை அழிக்க நீங்கள் வைத்திருப்பீர்களே, அந்த வெள்ளை மைதான். சட்டையைச் சிமென்ட் பெஞ்சில் விரித்து, மண்டி போட்டு, நீலக் கோட்டின் மேல் சொட்டுச் சொட்டாக வைத்தாள். வெள்ளைத் துணியில் அந்த இடம் மறைந்து, கோடு துண்டாகிப் புள்ளிகளாயிற்று. பாய் சேர்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவள் நாக்கு நுனி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. நான் அவள் உச்சி வகிட்டைப் பார்த்தபடி இருந்தேன். இது மூன்றாம் தடவை என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. அவளுக்கு இருக்கிறதா என்று கேட்கப் பயமாக இருந்தது.

"அன்னைக்குங்ப்பா" என்றாள், தலையைத் தூக்காமல். "கேட்டுகிட்ட உக்காந்திருந்தேன்ல, அப்ப தாராபுரத்துக்காரி ஒருத்தி, என்ற கிளாஸுதான், அவங்க அம்மா என்னையக் கூப்புட்டுப் புளிச்சோறு குடுத்தாங்க. அப்பறம் வார்டன்கிட்டச் சொல்லீட்டு எங்கள முதலப் பண்ணைக்குக் கூட்டீட்டுப் போனாங்க. முதல வாயத் தொறந்துகிட்டு அசையவே இல்லீங்ப்பா. பொம்மைன்னு இவ சொன்னா. இல்லைன்னு நான் சொன்னேன். இவ கடலமுட்டாய எடுத்து எறியப் போனா, அது டப்புன்னு வாய மூடுச்சு பாருங், இவ அலறுன அலறல்ல அங்கிருந்த ஆளுக எல்லாம் முதலையப் பாக்காம எங்களையே பாத்தாங்க." அவள் சிரித்ததில் ஒரு சொட்டு தள்ளி விழுந்தது. விரலால் துடைத்தாள். "இப்ப ராத்திரி அவளும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலுங்."

"சரி கண்ணு."

"இருந்துக்கறனுங்ப்பா."

"எங்க அம்மிணி?"

"இங்கதானுங்." இன்னொரு சொட்டு வைத்தாள். "ஊட்டுக்கு வந்தா டிவிதானுங்களே பேசும்."

ஆமாம் கண்ணு, டிவிதான் பேசும் என்று சொல்ல நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். சொன்ன சொல்லை மாற்றக் கூடாது என்று அவள்தானே பேச்சு வாங்கியிருந்தாள். கட்டிலில் போட்டிருக்கும் புதுத் தலையணை உறையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

தோள்வரை வந்ததும் அவள் நிறுத்தினாள்.

"மறுபடியும் தொறந்துட்டாங்கன்னு சொன்னீங்கல்லங்ப்பா, அந்தம்மா போன்ல காமிச்ச எடம். அது எதுங்க?"

புள்ளிகளுக்கு நடுவில், பாரிஸுக்கு வெளியே இருக்கும் ஓர் இடத்தை விரல் வைத்துக் காட்டினேன். அங்கே ஏற்கனவே வைத்திருந்த சொட்டுகளை அவள் நகத்தால் சுரண்டி எடுத்தாள். அடியில் நீலம் அப்படியே இருந்தது. ஒரு விரல்கடை நீளத்துக்கு முழுக் கோடு.

"இதையும் சாம்பிள்ல சரியாப் போட்டிருக்காங்களா?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை சட்டை இழுத்தும் அந்த இடத்தைத் தனியாகப் பார்க்கத் தோன்றவில்லை. பாயிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "அடுத்த மாசம் வரும்போது மறக்காமச் சொல்லோணும்" என்றாள். சட்டையை ஊதி ஊதிக் காயவைத்தாள். மணி அடித்ததும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, தாராபுரத்துப் பிள்ளையிடம் காட்டுவதற்காக ஓடினாள். பாதி தூரத்தில் நின்று திரும்பிக் கையாட்டிவிட்டு மறுபடி ஓடினாள்.

பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. வழியெல்லாம் அமராவதி வாய்க்கால் தண்ணீர் ரோட்டை ஒட்டியே வந்தது, சில இடத்தில் தெரிந்தது, சில இடத்தில் தென்னைக்குப் பின்னால் போய்விட்டது. சட்டையில் தொட்டுக் காட்டிய என் விரல் நுனியில் வெள்ளை ஒட்டிக் காய்ந்திருந்தது. சாயம் ஒட்டினால் உடனே மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கிற கை என்னுடையது. அன்றைக்குத் துடைக்கவில்லை. உடுமலையில் இறங்கும்போது கம்பியைக்கூட மற்ற கையால்தான் பிடித்தேன்.